எலும்பு கூடியது, கை வரவில்லை

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை, கிணற்றடியில் படிந்திருந்த பாசியில் கால் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தேன். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, முறிவு இருந்த இடத்தைப் பேனா முனையால் சுட்டி, "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அன்று மத்தியானம் தட்டில் சாதமும் குழம்பும் விழுந்து, பழைய வழக்கப்படி வலக்கையைச் சோற்றில் வைத்தபோது, கை அங்கேயே திகைத்து நின்றுவிட்டது. விரல்கள் மடங்காமல் இல்லை. பெரிய வலியும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒரு முறைகூட நான் யோசித்தறியாத ஒரு காரியம், எந்த விரல் முதலில் வளைய வேண்டும், உள்ளங்கை எவ்வளவு குவிய வேண்டும், கட்டைவிரல் எந்தக் கணத்தில் கவளத்தைத் தள்ள வேண்டும் என்று துண்டு துண்டாகப் பிரிந்து என் முன் வந்து நின்றது. யோசித்துச் செய்யச் செய்யப் பருக்கைகள் சிதறின.

"கை சரியாயிடுச்சுன்னுதானே டாக்டர் சொன்னார்?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி.

"எலும்பு கூடிடுச்சு. கை இன்னும் வரலை" என்றேன்.

யோசியாமல் வாயில் வந்த அந்த வார்த்தையைப் பிறகு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் கண்டதும் என் கைதான். சோற்றில் திகைத்து நின்றதும் அதே கைதான். முன்னதை அளக்கலாம், படமெடுத்து உறையில் போட்டு வைக்கலாம். பின்னதை எந்தப் படமும் பிடிப்பதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது என்னும் கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தத்துவ நெறி ஒன்று தன் பிரதான விசாரங்களுள் ஒன்றாகக் கொண்டது. மேல்நாட்டில் பினாமினாலஜி என வழங்கும் அதனைத் தமிழில் நிகழ்வியல் என்றும் தோற்றப்பாட்டியல் என்றும் சொல்லி வருகிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பொருள்களைப் பற்றி நாம் கற்றுவைத்திருக்கும் கொள்கைகளைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவை நம் அனுபவத்தில் மெய்யாகவே எவ்வாறு தோன்றுகின்றன என்பதைப் பொறுமையோடு பார்த்து, பார்த்தபடி சொல்வதே அதன் முறை.

இந்த விசாரத்தின் வேரைத் தேடினால் பதினேழாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். பிரெஞ்சுத் தத்துவ ஞானி ரெனே தெக்கார்த், 1641-இல் லத்தீன் மொழியில் வெளியிட்ட 'தியானங்கள்' என்னும் நூலில், சந்தேகிக்கக்கூடிய அனைத்தையும் சந்தேகித்துத் தள்ளிய பின் தள்ள முடியாமல் எஞ்சி நிற்பது சிந்திக்கும் 'நான்' ஒன்றே என்று கண்டு, சிந்திப்பதையே இயல்பாகக் கொண்ட ஆத்மாவும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதையே இயல்பாகக் கொண்ட சரீரமும் இரு வேறு வஸ்துக்கள் என்று முடிவு கட்டினார். கப்பலுக்குச் சேதம் நேர்ந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்து அறிகிறான். எனக்குக் காயம் பட்டாலோ எனக்கு நோகிறது. ஆகவே மாலுமி கப்பலில் இருப்பதுபோல் நான் என் உடம்பில் இருக்கவில்லை என்று அதே நூலின் ஆறாம் தியானத்தில் அவரே எழுதியிருப்பதை, அவரைக் குறை கூறுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் கேள்வி கேள்வியாகவே நின்றது. நாடிழந்த குடும்பத்தோடு ஹேக் நகரில் வாழ்ந்துவந்த பொஹீமிய இளவரசி எலிசபெத், 1643 மே மாதத்தில், தம் 24-ஆம் வயதில், தெக்கார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: சிந்தனையே வடிவான, இடம் எதையும் அடைக்காத ஆத்மா, உடம்பை எவ்வாறு அசைக்க முடியும்? தள்ளுவதற்குத் தொட வேண்டும். தொடுவதற்கு உருவம் வேண்டும். ஆத்மாவுக்கோ அது இல்லையே! இத்துணை நேரான கேள்வியைத் தெக்கார்த்திடம் கேட்டவர் வேறு யாரும் இலர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த மாதம் தெக்கார்த் எழுதிய பதில் அதைவிடச் சிந்தனைக்குரியது. ஆத்மாவும் உடலும் ஒன்றியிருக்கும் நிலையைத் தியானத்தால் அறிய முடியாது. தியானத்தை நிறுத்திவிட்டு அன்றாட வாழ்விலும் சாதாரணப் பேச்சிலும் ஈடுபட்டிருக்கும்போதே அது விளங்கும் என்றார். நேர்மையான பதில். ஆனால் நாம் நடப்பதும் உண்பதும் நோவதும் தத்துவத்தின் வாசலுக்கு வெளியே விடப்பட்டுவிட்டன.

வெளியே விடப்பட்ட அந்த இடத்திலிருந்தே தத்துவம் தொடங்க வேண்டும் என்று துணிந்தவர் எட்மண்ட் ஹுஸர்ல். 1859-இல் மொராவியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, கணிதத்தில் பட்டம் பெற்று, பிறகு தத்துவத்துக்கு வந்தவர். அவர் எழுதிய ஜெர்மன் மொழியில் உடம்பைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. 'கோர்ப்பர்' என்பது கல்லையும் கட்டையையும் போல எடையும் பரிமாணமும் உடைய உடல். 'லைப்' என்பது வாழ்வு என்னும் சொல்லோடு பிறப்புறவு கொண்டது, உள்ளிருந்து உணரப்படும் உடல். மாடியிலிருந்து நானும் ஒரு மூட்டையும் விழுந்தால் இருவரும் ஒரே வேகத்தில்தான் விழுவோம். அந்த மட்டில் நான் கோர்ப்பர். விழும்போது வயிறு கலங்குவதும், கை தானே முன்னே நீள்வதும், தரை என்னை நோக்கி வருவதும் எனக்கே உரியவை. அந்த மட்டில் நான் லைப். பின்னதை நாம் வாழும் உடல் என்று சொல்லலாம்.

இதை விளக்க ஹுஸர்ல் சொன்ன ஓர் உதாரணம், படிப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்க்கக்கூடியது. உங்கள் இடக்கையால் மேஜையைத் தொடுங்கள். மேஜையின் குளிர்ச்சியும் வழவழப்பும் உங்களுக்குத் தெரியும், மேஜைக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அதே இடக்கையால் உங்கள் வலக்கையைத் தொடுங்கள். தோலின் வெதுவெதுப்பையும் நரம்பின் மேட்டையும் இடக்கை அறிகிறது; அதே கணத்தில் வலக்கை, தான் தொடப்படுவதை உள்ளிருந்து உணர்கிறது. மனத்தைச் சற்றே திருப்பினால் வலக்கை தொடுவதாகவும் இடக்கை தொடப்படுவதாகவும் முறை மாறிவிடுகிறது. ஆனால் எவ்வளவு முயன்றாலும் இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் முழுதும் தொடுபவையாகவோ முழுதும் தொடப்படுபவையாகவோ ஆவதில்லை. ஒன்று மற்றொன்றாக மாறப்போகும் தறுவாயிலேயே அனுபவம் நின்றுகொண்டிருக்கிறது. அறிபவனும் அறியப்படுவதும் ஒரே தோலின் இரு புறங்களாய் இருக்கும் பொருள் உலகத்தில் உடம்பைத் தவிர வேறில்லை. இன்னொன்றையும் ஹுஸர்ல் கவனித்தார். நாற்காலியைச் சுற்றி வந்து நான்கு புறமும் பார்க்கலாம். என் உடம்பை நான் சுற்றி வர முடியாது. மற்ற எல்லாம் அருகிலோ தொலைவிலோ வலத்திலோ இடத்திலோ இருக்கின்றன; எங்கிருந்து அருகு, எங்கிருந்து தொலைவு என்று கேட்டால் விடை என் உடம்புதான். உலகத்தின் எல்லா 'அங்கே'களுக்கும் மூலமான 'இங்கே' அது.

இந்த ஆராய்ச்சிகள் அடங்கிய கையெழுத்துப் பிரதியை 1916 முதல் இரண்டு ஆண்டுகள் ஹுஸர்லின் உதவியாளராக இருந்து ஒழுங்குபடுத்தியவர் எடித் ஸ்டைன். முதல் உலகப்போரில் செஞ்சிலுவைச் சங்கத் தாதியாகப் பணிபுரிந்து, பிறர் உணர்ச்சியை நாம் எவ்வாறு உணர்கிறோம் என்பதைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற அந்தப் பெண்மணி, பின்னர் கத்தோலிக்கத் துறவியாகி, யூதக் குலத்தில் பிறந்த ஒரே காரணத்தால் 1942 ஆகஸ்டில் ஔஷ்விட்ஸ் கொலைக்களத்தில் உயிரிழந்தார். ஹுஸர்ல் 1938-இல் இறந்தபோது, சுருக்கெழுத்தில் அவர் எழுதி வைத்திருந்த ஏறத்தாழ 40,000 பக்கங்கள் நாஜிகளின் கைக்கு இரையாகும் அபாயத்தில் இருந்தன. வான் பிரெடா என்னும் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் பெல்ஜிய அரசாங்கத் தூதரகத்தின் உதவியால் அவற்றை ரகசியமாக லூவன் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாழும் உடலைப் பற்றிய அந்தப் பகுதி நூலாக அச்சேறியது 1952-இல்தான்.

ஆனால் அச்சேறுமுன்பே அதைத் தேடிப் போய்ப் படித்தவர் ஒருவர் இருந்தார். 1939 ஏப்ரலில், போர் மூள ஐந்தே மாதங்கள் இருந்தபோது, லூவனுக்கு ரயிலேறி வந்து அந்தப் பிரதிகளின் முன் உட்கார்ந்த 31 வயது பிரெஞ்சு ஆசிரியர் மோரிஸ் மெர்லோ-போன்ட்டி. 1945-இல் அவர் வெளியிட்ட 'புலனறிவின் நிகழ்வியல்' என்னும் நூல், உடம்பைப் பற்றி மேல்நாட்டுத் தத்துவம் எழுதியவற்றுள் தலையாயது என்பது என் துணிபு. உடம்பு எனக்கு உடைமையான பொருள்களுள் ஒன்று என்பதை அவர் மறுத்தார். அது நான் உலகத்துக்குள் இருக்கும் விதம். என் பிரக்ஞையின் அடிப்படை 'நான் சிந்திக்கிறேன்' என்பதைவிட 'என்னால் முடியும்' என்பதே என்றார். இந்த இரண்டாவது வாக்கியம் ஹுஸர்லிடமிருந்து எடுத்தது. அதற்குச் சதையும் ரத்தமும் கொடுத்தவர் மெர்லோ-போன்ட்டி.

பார்வையற்றவர் கையில் பிடித்திருக்கும் கோலை எண்ணிப் பாருங்கள் என்கிறார். புதிதாகப் பிடிக்கும்போது கோல் ஒரு பொருள். அது உள்ளங்கையில் அழுத்துவதை வைத்து எதிரே இருப்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பழகிய பின் ஊகம் இல்லை. ஸ்பரிசம் கோலின் நுனிக்குப் போய்விடுகிறது. மேடும் பள்ளமும் அங்கேயே உணரப்படுகின்றன. தட்டெழுத்துப் பழகியவரிடம் இன்ன எழுத்து எந்த வரிசையில் எத்தனையாவது கட்டை என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிப்பார். விரல்களோ தவறாமல் போய் விழும். நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் உண்டு. வேட்டி கட்டத் தெரிந்த ஒருவரை, கட்டிக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வலத்தலைப்பை எங்கே கொண்டுபோக வேண்டும், எத்தனை விரற்கடை மடிக்க வேண்டும், வயிற்றை எந்த நேரத்தில் எக்க வேண்டும் என்று நாலு வார்த்தை சொல்வதற்குள் அவர் கைகள் இடுப்புக்குப் போய், இல்லாத வேட்டியைக் கட்டத் தொடங்கிவிடும். அவர் மறந்துபோகவில்லை, அந்த அறிவு இருக்கும் இடம் கையும் இடுப்பும். கைப்பழக்கம் என்றும், கைவந்த கலை என்றும் நாம் சொல்லிப் போவதைத்தான் அந்தப் பிரெஞ்சு அறிஞர் பல நூறு பக்கங்களில் நிறுவினார்.

மொழி ஒன்றில் வழங்கும் சொற்களைத் தத்துவ நிரூபணமாகக் கொள்வது பிழை. எனினும் தமிழில் எழுதும்போது சில சொற்களைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. காய்ச்சலில் படுத்தவரைக் கேட்டால், 'எனக்கு உடம்பு சரியில்லை' என்பார். வாசற்படியில் இடறியவர், 'என் உடம்பு விழுந்தது' என்று ஒருநாளும் சொல்லார், 'நான் விழுந்தேன்' என்றே சொல்வார். உடம்புக்கும் உண்மைக்கும் 'மெய்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். எழுத்திலக்கணத்திலும் மெய் தனித்து ஒலிக்க மாட்டாமல் உயிரை வேண்டி நிற்கிறது. இரண்டும் கூடினால் உயிர்மெய் என்று புதியதோர் எழுத்து வடிவமே எழுகிறது. எலிசபெத்தின் கேள்விக்கு இது விடையாகாது. ஆயினும் அந்தக் கேள்வியின் கூர்மையை நம் குழந்தைகளுக்கு விளக்க இதைவிட நல்ல கருவியை நான் காணேன்.

மெர்லோ-போன்ட்டியின் நூலில் அடிக்கடி வருபவர் ஷ்னைடர் என்னும் ஜெர்மன் போர்வீரர். 1915-இல் போர்முனையில் குண்டுச் சிதறல் தலையின் பின்புறத்தில் தாக்கி மூளை காயமுற்ற அவரை, பிராங்பர்ட் நகரில் மூளைக் காயமுற்ற போர்வீரர்களுக்கென அமைந்த நிலையத்தில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற வைத்தியரும் அதெமார் கெல்ப் என்ற உளவியலறிஞரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவரிடம் கண்ட விசித்திரம் இது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்குச் சிந்துவார். பெட்டியிலிருந்து குச்சியை எடுத்து விளக்கேற்றுவார். தோல் பணப்பை தைக்கும் தொழிலைச் செய்து சாதாரணத் தொழிலாளி செய்வதில் முக்கால் பங்கு வேலையை முடித்துவிடுவார். கொசு கடித்தால் கை நேரே கடித்த இடத்துக்குப் போய் அடித்துவிடும். ஆனால் கண்ணை மூடச் சொல்லி, 'உமது மூக்கைச் சுட்டிக் காட்டும்' என்றால் முடியாது. மூக்கைப் பிடிக்க அனுமதித்தால் பிடிப்பார், விரலை ஓர் அங்குலத்துக்கு முன்னே நிறுத்திச் சுட்டிக்காட்டு என்றால் கை வழி தெரியாமல் அலையும். கையை உயர்த்தச் சொன்னால், அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உடம்பு முழுவதையும் அசைத்துப் பார்த்து, அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குக் கொண்டுவந்த பிறகே உயர்த்துவார். ராணுவ சல்யூட் செய்து காட்டச் சொன்னால் கையளவில் அவரால் செய்ய முடியாது. நெஞ்சை நிமிர்த்தி, முகத்தில் மரியாதையை வருவித்து, முழுச் சிப்பாயாக ஆகித்தான் செய்ய முடிந்தது.

பிடிப்பதற்கும் சுட்டுவதற்கும் தசை ஒன்றே, எலும்பு ஒன்றே, போகும் இடமும் ஒன்றே. பிடிக்க முடிந்தவரால் ஏன் சுட்ட முடியவில்லை? நரம்பு அறுந்தது என்றால் பிடிப்பதும் நின்றிருக்க வேண்டும், அறிவு மழுங்கியது என்றால் சொன்னது அவருக்குப் புரியாமல் போயிருக்க வேண்டும், இரண்டும் நேரவில்லை. கொசு கடித்த இடத்துக்குக் கை போகும்போது, வாழும் உடல் தன் உலகத்தில் உள்ள ஒரு தேவைக்கு விடையளிக்கிறது. சுட்டிக் காட்டுவதற்கோ, இப்போது இல்லாத ஒரு சூழ்நிலையை உடம்பே கற்பித்துக்கொண்டு, அதற்குள் நின்று விளையாட வேண்டும். அந்த விளையாட்டைத்தான் ஷ்னைடர் இழந்திருந்தார். அவர் உலாவப் போவதில்லை, காரியமாக மட்டுமே வெளியே போவார். தானாகப் பாடுவதோ சீட்டியடிப்பதோ இல்லை. வேறு வேலையாகப் போகும் வழியில் கோல்ட்ஸ்டைனின் வீட்டைக் கடந்தால், அங்கே போவதற்கென்று புறப்படாததால் அந்த வீட்டை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். நம் ஒவ்வொருவரையும் சுற்றி நம் சென்றகாலத்தையும் வருங்காலத்தையும் நம்மவரையும் நம் எண்ணங்களையும் விரித்துப் பிடித்து நிற்கும் ஒரு வில் இருக்கிறது. நோயில் அதன் விறைப்புத் தளர்ந்துவிடுகிறது என்றார் மெர்லோ-போன்ட்டி. ஷ்னைடரிடம் நடந்த சோதனைகளின் முடிவுகளைப் பிற்கால நரம்பியலறிஞர் சிலர் ஐயுற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சோதனையின் விவரங்களில் எவ்வளவைக் கழித்தாலும், பிடிப்பதும் சுட்டுவதும் வேறு வேறு என்ற வேற்றுமை கழிந்துவிடாது.

துண்டிக்கப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல் தோன்றும் அனுபவமும் மெர்லோ-போன்ட்டியைக் கவர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே அம்ப்ருவாஸ் பாரே என்னும் பிரெஞ்சுப் போர்க்கள வைத்தியர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தோர் பலருக்கு வைத்தியம் பார்த்த வெயர் மிட்செல், 1871-இல் அதற்கு 'ஆவி உறுப்பு' என்று பொருள்படும் பெயரை வழங்கினார். இல்லாத கை அரிக்கிறது. இல்லாத விரல்கள் உள்ளங்கையில் நகம் பதியும்படி மடங்கி வலிக்கின்றன. வெறும் நரம்பின் குழப்பமென்றால், பழைய போர்க்கள நினைவு எழும்போது இல்லாத உறுப்புத் தோன்றுவானேன்? வெறும் மனமயக்கமென்றால், நரம்பைத் துண்டித்தால் சிலருக்கு மறைவானேன்? கையால் மட்டுமே செய்யக்கூடிய காரியங்களை உலகம் இன்னும் நீட்டிக்கொண்டே இருக்கிறது; அந்த உலகத்துக்குப் பழகிய உடல், இன்றைய உடல் கையை இழந்த பின்னும், அக்காரியங்களுக்குத் தன்னைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது மெர்லோ-போன்ட்டியின் விளக்கம். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு பெட்டிக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நோயாளி இருக்கும் கையை விரித்தபோது, ஆண்டுக்கணக்காக இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள், வலி தணிந்தது. எல்லாருக்கும் இது பலித்ததில்லை. ஆயினும் மலிவான ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, பார்க்கும் உடலும் உணரும் உடலும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதைக் கண்ணெதிரே காட்டிற்று.

இதற்கு நேர்மாறான ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த இயான் வாட்டர்மன். 1971-இல், தம் 19-ஆம் வயதில், ஒரு காய்ச்சலைத் தொடர்ந்து, கழுத்துக்குக் கீழே தொடு உணர்ச்சியையும் தன் கைகால் எந்த நிலையில் இருக்கின்றன என்னும் உணர்வையும் அவர் இழந்தார். தசைகள் அசையும், ஆனால் அசைவது தெரியாது. உட்காருவதற்கும் நடப்பதற்கும் பல மாதங்கள், ஆண்டுகள் முயன்று, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துக்கொண்டே அசைக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் நின்ற இடத்தில் சரிந்து விழுவார். அவர் கதையை ஜோனதன் கோல் என்ற வைத்தியர் 1991-இல் நூலாக எழுதினார். தெக்கார்த்தே மறுத்த அந்த மாலுமியின் நிலையில், தன் உடம்பைக் கண்ணால் பார்த்து ஓட்டிச் செல்லும் நிலையில், ஒரு மனிதரை நாம் இங்கேதான் காண்கிறோம். சோற்றில் என் கை திகைத்து நின்ற சில வாரங்களை அவருடைய வாழ்நாளோடு ஒப்பிடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

'புலனறிவின் நிகழ்வியல்' என்னும் அவ்வளவு பெரிய நூலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. 'என்னால் முடியும்' என்று சொல்லும் உடம்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்த்திருப்பதாகவே மெர்லோ-போன்ட்டி பெரும்பாலும் எழுதிச் செல்கிறார். 1945-இல் அந்நூலை மதிப்பிட்டு எழுதிய சிமோன் த பூவா, நான்கு ஆண்டுகள் கழித்து 'இரண்டாம் பாலினம்' என்னும் தம் நூலில், பெண்ணின் உடம்பு பிறர் பார்வையால் எவ்வாறு வளைக்கப்படுகிறது என்பதைக் காட்டினார். லியோன் நகரில் மருத்துவம் பயின்றபோது மெர்லோ-போன்ட்டியின் வகுப்புகளுக்குச் சென்று கேட்ட, மார்த்தினீக் தீவைச் சேர்ந்த பிரான்ஸ் ஃபனோன், 1952-இல் அதைவிடக் கடுமையாக எழுதினார். சிகரெட் பிடிக்க வேண்டுமானால் வலக்கையை நீட்டி மேஜையின் மறுகோடியில் உள்ள பெட்டியை எடுக்க வேண்டும், தீப்பெட்டி இடப்புற இழுப்பறையில் இருக்கிறது, சற்றே பின்னால் சாய வேண்டும் என்று தம் உடம்பு தம்மை அறியாமலே உலகத்தை அளந்துகொள்வதை விவரிக்கிறார். பிறகு ஒரு வெள்ளைக் குழந்தை அவரைக் கண்டு மிரண்டு, 'கறுப்பன்' என்று தாயிடம் கத்துகிறது. அந்தக் கணத்தில் அந்த உடம்பு சிதறுகிறது. அதன் இடத்தில் தோலின் நிறமும், அந்த நிறத்தைப் பற்றிப் பிறர் கட்டிவைத்த கதைகளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நம் நாட்டில் இதைப் படிப்பவர் தீண்டாமையை நினைக்காமல் இருக்க முடியாது. சுந்தர் சருக்கை என்னும் தத்துவ அறிஞர், கோபால் குருவுடன் சேர்ந்து 2012-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'விரிசல் கண்ணாடி' என்னும் நூலில், அதை நிகழ்வியலின் வழியாகவே ஆராய்கிறார். தொடுபவன் எப்போதும் தொடப்படுபவனாகவும் இருக்கிறான் என்பதனால், ஒருவரைத் தீண்டமாட்டேன் என்று விலகுபவன் தன் தோலின் ஆற்றலையே முடக்கிக்கொள்கிறான். தீண்டாமை குடியிருப்பது முதலில் அவனிடமே என்பது அவர் வாதம். அதனால் விலக்கப்பட்டவர் பட்ட கொடுமை ஓர் அணுவும் குறைந்துவிடாது. இடக்கை வலக்கையைத் தொடும் சிறிய சோதனை, நூற்றாண்டுகளாக நம் தெருக்களில் நடந்த அநியாயத்துக்குச் சாட்சி சொல்ல வரும் என்று ஹுஸர்ல் நினைத்திருக்க மாட்டார்.

மெர்லோ-போன்ட்டி 1961 மே 3-ஆம் நாள், 53-ஆம் வயதில், திடீரென்று மூளை ரத்தக்குழாய் நோயால் இறந்தார். கடைசி நூல் அரைகுறையாக நின்றது. அவருக்குப் பிறகு இந்த விசாரம் தத்துவ வகுப்புகளைவிட நோயாளிகளின் படுக்கையருகே அதிகம் பயன்பட்டிருக்கிறது. தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் நோய்க்கு ஆளான கே டூம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியை 1992-இல் எழுதிய நூல் இதற்கு நல்ல சான்று. தம் படுக்கையறைக்கு வெளியே இருக்கும் புத்தக அலமாரியைப் பற்றி அவர் சொல்வதைப் படித்தால் மனத்தை விட்டு அகலாது. முதலில் அது புத்தகம் வைக்கும் இடம். நோய் முற்றியபோது குளியலறைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, சுற்றிக்கொண்டு போக வேண்டிய தடை. அலமாரி ஓர் அங்குலமும் நகரவில்லை. நோய் வந்தது அவருடைய உடம்புக்கு. மாறியது அவருடைய வீடு, வீட்டிலிருந்து குளியலறைக்கு உள்ள தூரம், ஒரு பகலின் நீளம். மருத்துவரின் குறிப்பேட்டில் நரம்பின் சேதம் இவ்வளவு என்று எழுதியிருக்கும். அலமாரியைப் பற்றி ஒரு வரியும் இராது.

மருத்துவ சாஸ்திரத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் எலும்பைக் கூட்டி வைத்தது அந்த சாஸ்திரந்தான். உடலைப் பொருளாகப் பார்க்கத் துணிந்திராவிட்டால் எக்ஸ்ரேயும் மாவுக்கட்டும் நமக்குக் கிடைத்திரா. மறுமுறை டாக்டரிடம் போனபோது, "சோறு பிசைய வரவில்லையே, டாக்டர்" என்றேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, தம் கையை நீட்டி, என் கையைப் பற்றி, "பிசையுங்கள், பார்க்கலாம்" என்றார். அவர் விரல்களுக்கு நடுவே என் விரல்கள் எங்கே தயங்குகின்றன என்பதை அவர் அந்தக் கணத்தில் அறிந்துகொண்டார். ஈரத்துணியைப் பிழிவதும் மாவு பிசைவதும் நாள்தோறும் கால்மணி நேரம் செய்யச் சொன்னார். பங்குனி கடைசியில் கை திரும்பி வந்தது. வந்த நாள் எதுவென்று எனக்குத் தெரியாது, ஏனெனில் வந்த பிறகு அதை நான் கவனிக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் பக்கவாதத்திலோ மூட்டு நோயிலோ முதுமையிலோ படுத்திருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். வலிக்கிறதா என்று அவரை நாள்தோறும் கேட்கிறீர்கள், அவரும் தலையசைக்கிறார். நாளைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதைச் செய்ய வரவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும், தயவுசெய்து காத்திருங்கள்.